தங்கை பேசிக்கொண்டிருந்த நேரம்

"இன்னும் கொஞ்சம் தூக்கு, அப்பாவுக்குத் தெரிய வேணாமா?" என்று மனைவியை அதட்டிக்கொண்டே அவன் மடிக்கணினிக்கு அடியில் இன்னொரு தலையணையைச் செருகினான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் இயந்திரம் கொர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. இனிமேல் ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்கே கூட்டிப்போங்கள் என்று டாக்டர் கையை விரித்த நாளிலிருந்து வீடு முழுக்க அந்தச் சத்தம்தான்.

திரையில் தங்கை வந்தாள். பெயர் என்னவோ பெரிய பெயர்தான், வீட்டில் சுண்டு. உலகத்தின் அடிக்கோடியில் ஒரு பனி ஆராய்ச்சி நிலையத்தில் குளிர்காலத்தைக் கழிக்கப் போனவள். போன பிறகு கடல் உறைந்துவிட்டது. கப்பலும் வராது, விமானமும் இறங்காது. அப்பாவுக்கு முடியவில்லை என்று தெரிந்தும் அங்கேயே கிடந்து தவிக்கிறாள். இன்று துருவ ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாம் ஒரு பெரிய அரங்கில் கூடியிருக்க, நிலையத்தில் இருந்தபடியே அவள் பேசுகிறாள். வீட்டிலிருந்தும் பார்க்கலாம் என்று இணைப்பு அனுப்பி, அப்பாவுக்குக் கண்டிப்பாகக் காட்டு என்று எழுதியிருந்தாள்.

"இளைச்சுட்டா" என்றார் அப்பா. ஒரு வார்த்தைக்கே மூச்சு வாங்கியது.

"குளிர்ல எல்லாரும் அப்படித்தான் தெரிவாங்கப்பா."

அவன் பழுதான ஃபிரிட்ஜ்களைப் பிரித்து மேய்கிற மெக்கானிக். பெத்தது ரெண்டும் குளிரை வச்சே பொழைக்குதுங்க என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். திரையில் சுண்டு உறைந்த கடலில் ஓட்டை போட்டு, உள்ளே டேப்பை விட்டுப் பனியின் கனத்தை அளக்கிற படம் வந்தது.

"இதுக்கா... இவ்ளோ படிச்சா?" என்றார் அப்பா. அவருக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே இருமலும் வந்தது.

வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் நர்ஸக்கா அவர் விரலில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்தாள், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், பிறகு அவனை வாசல் பக்கம் கூப்பிட்டாள். "தம்பி, நாடி இறங்கிட்டே வருது. யாராவது பேசணும்னா இப்பவே பேசிடச் சொல்லுங்க."

"போன் போடுங்க" என்றாள் மனைவி. "அந்த நிலையத்து நம்பர்தான் இருக்குல்ல?"

"எப்படிப் போடுறது? அத்தனை பெரிய மனுஷங்க முன்னாடி பேசிட்டிருக்கா. நடுவுல இதைச் சொன்னா இடிஞ்சு போயிட மாட்டாளா? அவளோட இத்தனை வருஷ உழைப்புடி."

"அப்பாவை விடப் பேச்சா பெருசு?"

"முடியட்டும். கொஞ்ச நேரம்தானே."

கட்டிலருகே வந்தபோது அப்பா அவன் சட்டை நுனியைப் பிடித்தார். "சுண்டு கூட... பேசணும்டா."

"மேடையில பேசிட்டிருக்காப்பா. முடிச்சதும் போட்டுத் தரேன்."

"ஆமாமா... தொந்தரவு பண்ணாத" என்று அப்பாவும் கையை விட்டுவிட்டார்.

திரையில் ஒரு கோடு வந்தது. வருஷத்துக்கு வருஷம் அது கீழேயே இறங்கியது. தங்கையின் ஆங்கிலத்தில் அவனுக்குப் பாதிதான் பிடிபட்டது. எங்களால் அளக்கத்தான் முடிகிறது என்று அவள் சொன்னது மட்டும் நன்றாகப் புரிந்தது. அவன் அப்பாவின் விரலில் ஒளிர்ந்த எண்ணைப் பார்த்தான். இப்போதுதான் பார்த்தான், அதற்குள் இன்னும் குறைந்திருந்தது. சீக்கிரம் முடியேன்டி, முடித்துத் தொலையேன் என்று அவனுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

அப்பா திரையைப் பார்த்து, "சாப்டியாம்மா?" என்றார்.

சுண்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

பிறகு அப்பா ஒன்றும் கேட்கவில்லை. நர்ஸக்கா நாடியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். "போயிட்டார் தம்பி" என்று சொல்லி இயந்திரத்தை நிறுத்தினாள். அந்த அறையில் சுண்டுவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. மனைவி அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் அழவில்லை. திரையில் சுண்டு நன்றி சொல்லி முடிக்கிறவரை பார்த்துக்கொண்டு நின்றான்.

அரங்கில் கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்தார். வழக்கம்போல, துருவத்தில் இருப்பவர்களின் இணைப்பை நம்ப முடியாது என்பதால் இந்தப் பேச்சும் போன வாரமே பதிவு செய்து அனுப்பப்பட்டது, இனி கேள்விகளுக்கு அவரே நேரலையில் வருகிறார் என்றார். அவர்களுக்கு அது அத்தனை சாதாரண சங்கதி. வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று சுண்டுவுக்குத் தோன்றியிருக்காது.

வேறொரு ஸ்வெட்டரில் சுண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் சோர்ந்திருந்தது. பின்னால் சுவரோரம் ஒரு போன் இருந்தது. உங்கள் பேச்சு உங்களுக்கே பிடித்ததா என்று கண்ணாடிக்காரர் வேடிக்கையாகக் கேட்டார்.

என் குரலை எனக்கே கேட்கச் சகிக்காது என்று சிரித்தாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டிலிருந்து கூப்பிடுவார்களோ என்று இவ்வளவு நேரமும் போன் பக்கத்தில்தான் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்றாள்.

இந்த அளவு ஆங்கிலம் அவனுக்குப் புரிந்தது. புரியாமலே போயிருக்கலாம். ஐயோ, அப்பா கேட்டாரே, வாய்விட்டுக் கேட்டாரே! மனைவி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அவன் நம்பரைப் போட்டான். ஒரு முறை தப்பாகி, மறுபடியும் போட்டான். மணி அடித்து, எடுத்துவிட்டாள்.

"அண்ணா! கேள்வி நேரத்துல போட்ட பாத்தியா, எல்லாரையும் காக்க வச்சுட்டு ஓடி வந்திருக்கேன். அப்பா பாத்தாரா?"

அவன் திரையைப் பார்த்தான். அங்கே அவள் இன்னும் நாற்காலியில் உட்கார்ந்து யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். படம் அரை நிமிஷம் பிந்தித்தான் இங்கே வருகிறது.

"பாத்தார்மா. கண்ணெடுக்காம பாத்தார்."

"குடு அவர்கிட்ட."

"சுண்டு..." என்றான். "அப்பா போயிட்டார்மா."

திரையில் அப்போதுதான் போன் மணி அடித்தது. பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு, ஒரு நிமிஷம் என்று அரங்கத்துக்கு விரலைக் காட்டி, சுண்டு சிரித்துக்கொண்டே போனை எடுக்க ஓடினாள்.