ஐஸ் பாக்டரி ஸ்டாப்

கண்டக்டருக்கு ஊரில் மனிதர்களோடு சண்டை கிடையாது. பெயர்ப்பலகைகளோடுதான் சண்டை. ஓய்வு பெற்ற பிறகு அதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டார் என்று அவர் மனைவி சொல்வாள். காலையில் பால் வாங்கப் போனால், வழியில் இருக்கிற ஒவ்வொரு பலகையையும் முறைத்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். பலகைகள் பயந்ததாகத் தெரியவில்லை.

எண்பதுகளில் கடற்கரைக்குப் போன ஒரே பஸ்ஸில் அவர்தான் கண்டக்டர். தோளில் தோல்பை, வாயில் விசில். உப்பு குடோன், தியேட்டர், ஐஸ் பாக்டரி, லைட்ஹவுஸ் என்று குரல் கொடுத்தால் தூங்குகிறவன்கூடத் துள்ளி எழுந்து இறங்குவான். அந்த ஸ்டாப்புகளில் ஒரு பலகையும் கிடையாது. அவர் தொண்டைதான் பலகை.

அந்தக் காலம் ஒன்றும் சொர்க்கமில்லை, அதை அவரே சொல்வார். ஐஸ் பாக்டரியில் அமோனியா கசிந்தால் பஸ்ஸே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடும். மழை பெய்தால் சாக்கடையும் கடலும் கை கோத்துக்கொள்ளும். ஆனால் கடலைப் பார்க்க எவனிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கடைசி ஸ்டாப்பில் முன்சக்கரம் மணலைத் தொட்டு நிற்கும், இறங்கி நடந்தால் தண்ணீர். அவ்வளவுதான் விஷயம். அவ்வளவையும்தான் பிடுங்கிக்கொண்டார்கள்.

உப்பு குடோன் இருந்த இடம் ‘சன்செட் பாயின்ட்’ ஆயிற்று. அங்கே சூரியன் மறைவதைப் பார்க்க முடியாது, கார் நிறுத்தலாம். தியேட்டர் ‘கோரல் மால்’ ஆயிற்று. ஐஸ் பாக்டரியில் வேலை பார்த்தவர்களை ஒருநாள் காலையில் வெளியே நிற்கவைத்துவிட்டுக் கட்டடத்தை இடித்தார்கள். அந்த இடத்தில் முழுக்கக் கண்ணாடி பதித்து ‘சில்வர் ஃபோம் ரெசிடென்சி’ எழுந்தது. கட்டடம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். பஸ் ஓடிய சாலையையே காம்பவுண்டுக்குள் சுருட்டிக்கொண்டார்களே, அதைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை. சாலையின் இந்த முனைக்கு ஒரு கேட், அந்த முனைக்கு ஒரு கேட். பின் கேட்டுக்கு வெளியே கண்டக்டரின் வீடும் இன்னும் நாலைந்து வீடுகளும் இருந்த சந்து அம்போவென்று நின்றது. சந்துக்காரர்கள் வெளியே போகக் கடல் சுவரை ஒட்டி ஒரு பாதை விட்டார்கள். எதிரே ஆள் வந்தால் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொள்ள வேண்டும். அதிகாரிகளிடம் போய் நின்றார்கள். வளர்ச்சி என்று பதில் வந்தது. யாருடைய வளர்ச்சி என்று கண்டக்டர் கேட்டதற்கு மின்விசிறிதான் சுற்றியது.

அன்றிலிருந்து அந்தப் பெயர்களை வாயால் சொல்வதில்லை என்று வைராக்கியம். கேட்டால், தெரியாது என்பார்.

“கண்ணாடிப் பொட்டி. எனக்கு அவ்வளவுதான் தெரியும்.”

“பேரைச் சொன்னா நாக்கு வெந்துடுமா உங்களுக்கு?” என்பாள் மனைவி.

“தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு!”

அவளுக்கு எல்லாப் பெயரும் தெரியும். அவள் தையல்காரி, அந்தக் கண்ணாடிப் பெட்டி வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். கடல் தெரிய வேண்டும் என்று கோடி கொடுத்து வாங்கியவர்கள், வெயில் அடிக்கிறது என்று அந்தக் கடலைத் திரை போட்டு மூடினார்கள். அதைக் கேட்டபோது கண்டக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டையே தள்ளிவிட்டார். “நம்மகிட்டேருந்து பிடுங்கினானுங்களே, அதையாவது உருப்படியா பாக்கறானுங்களா?” என்று கத்தினார். அவள் ஊசியில் நூல் கோத்தபடி, “நல்ல வேளை மூடறாங்க. இல்லேன்னா எனக்கு ஏது வேலை?” என்றாள்.

அப்படிப்பட்டவள், ஒரு மதியம் தையல் மிஷினிலிருந்து எழுந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். முகமெல்லாம் வியர்வை. இடது கை மரத்துப் போகிறது என்றாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு டீச்சர் ஓடிவந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார். 

“எந்த இடம் சார்?” என்று கேட்டது ஒரு பெண் குரல்.

“ஐஸ் பாக்டரி ஸ்டாப். கடல் பக்கம் திரும்பினா கடைசி சந்து. சீக்கிரம் வாங்கம்மா.”

“ஐஸ் பாக்டரின்னு மேப்ல எதுவும் வரல சார். பக்கத்துல ஏதாவது லேண்ட்மார்க் சொல்லுங்க.”

“ஐஸ் பாக்டரிதாம்மா லேண்ட்மார்க்! ஊருக்கே அதான் லேண்ட்மார்க்!”

“இப்ப அந்த இடத்துல என்ன இருக்கு சார்?”

கண்டக்டர் வாயைத் திறந்தார். இத்தனை வருஷத்து ஆத்திரமும் அந்த நேரம் பார்த்து முந்திக்கொண்டது.

“கண்ணாடிப் பொட்டி இருக்கு! ரோட்டைத் திருடினவனுங்க பொட்டி!”

“சார், கண்ணாடிக் கட்டடம் நிறைய இருக்கு. பேர் சொன்னாத்தான் வண்டி அனுப்ப முடியும்.”

“முப்பது வருஷம் பஸ் ஓடின ரோடும்மா அது! உங்க மேப்புல அது இல்லேன்னா அது என் குத்தமா?”

தரையிலிருந்து ஒரு கை அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தது. குனிந்தார். போனைக் கொடு என்று அவள் கண்ணால் கேட்டாள். டீச்சர் போனை வாங்கி அவள் வாயருகே பிடித்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு செலவானது.

“சில்வர்... ஃபோம்... பின்... கேட்டு.”

கை தொப்பென்று விழுந்தது. கண்கள் செருகிக்கொண்டன.

சைரன் சத்தம் காம்பவுண்டுக்குள்ளிருந்து கேட்டபோது கண்டக்டர் பின் கேட்டுக்கு ஓடினார். முன் கேட்டில் எவனோ குடியிருப்பவனுக்குத்தான் என்று நினைத்து ஆம்புலன்ஸை விட்டுவிட்டார்கள். அது பழைய பஸ் சாலையில் நேராக வந்து, பின் கேட்டுக்கு அந்தப் பக்கம் மூக்கை நீட்டி நின்றது. இரண்டு கதவையும் சேர்த்துச் சங்கிலி போட்டு, பூட்டு தொங்கியது. கதவின் மேலே ஈட்டி முனைகள், சுவரின் மேலே கண்ணாடிச் சில்லுகள்.

“திறய்யா!”

“செக்ரட்டரி சொல்லாம திறக்கக் கூடாது பெரியவரே. சாவியும் அவர்கிட்டதான் இருக்கு,” என்றான் வாட்ச்மேன். போனைக் காதில் வைத்தபடி சுவரோரமாகப் போனான். “போட்டுட்டேதான் இருக்கேன், எடுக்க மாட்டேங்கறாரு.”

ஆம்புலன்ஸ் உதவியாளர் பின்பக்கம் இறங்கி, ஸ்ட்ரெச்சரை இழுக்கப் போனவர், ஈட்டி முனைகளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“சார், சுத்தி வர வேற வழி இருக்கா?”

“இருந்த வழியிலதான்யா நீ நிக்கற! சுவரோரப் பாதையில ஸ்ட்ரெச்சர் நுழையாது!”

“நானும் ரொம்ப வருஷம் பஸ் ஓட்டினவன்தான் சார், மலை ரூட்டு. எப்படிப்பட்ட வழியிலயும் போயிடுவேன். பூட்டின கேட்டுல என்ன செய்ய?”

என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. பத்தடி தூரத்தில் ஆக்ஸிஜன், மருந்து, ஆள் எல்லாம் இருந்தது. இந்தப் பக்கம், திறந்திருந்த வீட்டு வாசல் வழியே அவள் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு காலில் செருப்பு இல்லை. கண்டக்டருக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது. கேட்டைப் பிடித்து உலுக்கினார். ரோட்டை விற்றவனையும் வாங்கியவனையும், வளர்ச்சி என்றவனையும், போனை எடுக்காத செக்ரட்டரியையும் அவர்கள் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினார். கேட் அசையவில்லை. திட்டித் திட்டித் தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது.

அந்தக் காற்றை என்ன செய்வது என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தில் பழைய விசில் இன்னும் தொங்கியது. எடுத்து வாயில் வைத்தார். ஒதுங்கி நின்று, வயிற்றிலிருந்து, இரண்டு தடவை ஊதினார்.

ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் போக வேண்டும். பஸ் ஓட்டிய காலுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆம்புலன்ஸ் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. சங்கிலி தெறித்தது. இரண்டு கதவும் சுவரில் மோதி நடுங்கின. வண்டி கேட்டைத் தாண்டிச் சந்துக்குள் வந்து நின்ற பிறகுதான் டிரைவருக்கே விஷயம் புரிந்தது.

“ஐயோ... கால் தானா அமுக்கிடுச்சு சார்...”

“நல்ல காலுய்யா. நீ இறங்காத, வண்டியைத் திருப்பு.”

“என் வேலை போச்சு!” என்று வாட்ச்மேன் தலையில் கை வைத்தான்.

“விசில் அடிச்சது நான்னு சொல்லு. என்னை வந்து பாக்கச் சொல்லு,” என்றார் கண்டக்டர். அதைச் சொன்னபோது, உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

அவளை ஏற்றினார்கள். முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் மாட்டி, நாக்குக்கடியில் ஒரு மாத்திரை வைத்தார்கள். வண்டி உடைந்த கேட் வழியே பழைய சாலையில் ஏறியது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கண்டக்டர் அந்தச் சாலையில் வண்டியில் போனார். இருபுறமும் பார்க்கத் தோன்றவில்லை. அவள் மாஸ்க்கில் மூச்சு படிவதையும் மறைவதையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

உதவியாளரின் போனில் ஆஸ்பத்திரி பேசியது. டாக்டர் வாசலிலேயே தயாராக நிற்பார், எங்கே வருகிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே வாருங்கள் என்றது.

“எனக்கு ஊர் புதுசு,” என்று முன்னாலிருந்து கத்தினார் டிரைவர். “சார், இது எந்த இடம்?”

கண்டக்டர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

“சில்வர் ஃபோம் பிரன்ட் கேட்,” என்றார். “ரைட்ல ஏறு. அடுத்தது சீ பிரீஸ் அவென்யூ.”

பித்தத்தைத் துப்புவதுபோல் வந்தன பெயர்கள். ஆனால் வந்தன.

“கோரல் மால். சிக்னல்ல நிக்காத, லெஃப்ட்ல இடம் இருக்கு... சன்செட் பாயின்ட். கார் வெளிய வரும், ஹாரன் அடி... ஸ்கை டெக். நேராப் போ.”

ஒன்றுகூடத் தப்பவில்லை, ஒன்றுகூட இடம் மாறவில்லை. கட்டிய தொண்டையிலும் பழைய கண்டக்டர் குரலேதான். தினமும் காலையில் முறைத்த பலகைகள் எல்லாம் வரிசையாக மனப்பாடம் ஆகியிருந்தன.

ஸ்ட்ரெச்சரில் ஒரு அசைவு தெரிந்தது. அவள் கண் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரலால் மாஸ்க்கைக் கொஞ்சம் தள்ளினாள்.

“பேச வேணாம்மா,” என்றார் உதவியாளர்.

அவள் கேட்கவில்லை. “எல்லாப் பேரும்... தெரியுமா உங்களுக்கு?”

கண்டக்டர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

“அப்ப... என்னை எதுக்குப் பேச வெச்சீங்க?”

உதவியாளர் மாஸ்க்கை மறுபடி சரியாகப் பொருத்தினார். “பேசற அளவுக்கு வந்துட்டாங்க, பயமில்ல சார்,” என்றார். அவள் தன் கையைக் கண்டக்டரின் கையிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். 

“சார், அடுத்தது என்ன?” என்றார் டிரைவர்.

“போட் கிளப் ரவுண்டானா,” என்றார் கண்டக்டர். “சுத்தாத. லெஃப்ட்ல திரும்பு.”