இஃப்ரானுக்குப் போன பஸ்

ஒவ்வொரு அக்டோபரிலும் இஃப்ரான் மரங்களின் படம் எல்லார் போனுக்கும் வந்துவிடும். மலை ஊர், மஞ்சள் இலை, கீழே இலையை அள்ளி மேலே வீசும் பெண்கள். பல வருஷம் ஒரே படம்தான் சுற்றும். என் மனைவி மஹ்ஜூபா அதை ஒவ்வொரு முறையும் புதுசாகப் பார்ப்பாள்.

"இது நெஜமாவே இலையா, இல்ல சாயம் அடிச்சதா?"

"நெஜம்தான்."

"நீ போய்ப் பாத்தியாக்கும்."

நான் எங்கே பார்த்தேன்? காஸாபிளாங்காவில் அடுத்தவர் கட்டடத்துக்கு சிமெண்டு சுமந்தே என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அவளுக்குத் தையல் ஆலை. அவளுக்கு ஈரலில் நோய் என்று தெரிந்த பிறகுதான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் உட்கார்ந்தோம்.

அந்த வருஷம் ஆலையில் அவளோடு வேலை பார்த்த கெல்தூம், தெருப் பெண்களைச் சேர்த்து இஃப்ரானுக்கு ஒரு பஸ் பிடித்தாள். அக்டோபர் கடைசி ஞாயிறு, காலை ஏழு மணி, பெட்ரோல் பங்க் பக்கம். மறுநாள் திங்கட்கிழமை மஹ்ஜூபாவுக்கு மருந்து ஏற்றத் தொடங்குவதாக இருந்தது. ஏற்றிவிட்டால் குளிர் கூடாது, கூட்டம் கூடாது, நெடும் பயணம் கூடவே கூடாது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்களுக்கு எங்கயாவது போகணும்னு ஆசை இருந்தா இப்பவே கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. மஹ்ஜூபாவிடம் சொல்லவும் இல்லை. அவளாகவே தெரிந்து வைத்திருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன்.

"ஒரே ஒரு தடவை அந்த இலைய அள்ளி மேல வீசணும் எனக்கு. அதுக்கப்புறம் அவங்க என்ன மருந்து வேணும்னாலும் ஊத்தட்டும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் சாப்பிட்டுவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் வகுப்பில் எழுத்து கற்றுக்கொண்ட புதிது. செய்தியை விரலால் தடவித்தான் படிப்பேன்.

"என்னத்த முணுமுணுக்கிற, படிப்பாளி? சத்தமாப் படி."

"இந்த வருஷம் மணி மாறாதாம். வழக்கமா இந்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் பின்னால தள்ளுவாங்கல்ல, அது கிடையாதாம். இருக்கிறபடியே இருக்குமாம். அரசாங்கம் சொல்லிடுச்சு."

"நாளை மறுநாள் மாத்தவேண்டியத இன்னிக்கு வந்து இல்லங்கிறாங்களா? நம்ம கெல்தூம் ஒரு பஸ்ஸுக்கே ஒரு மாசம் முன்னாடி சொன்னாளே!"

"அவள வேணும்னா மந்திரியாக்கிடலாம்."

"ஆக்கு. பஸ்ஸாவது நேரத்துக்கு வரும். அப்போ ஏழு மணின்னா அதே ஏழு மணிதானே?"

"அதே ஏழு மணிதான், மஹ்ஜூபா அம்மணி. நான்தான் படிச்சேனே."

சனிக்கிழமை அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முட்டை அவித்தாள். மெஸ்ஸமன் ரொட்டிக்கு மாவு பிசைய மட்டும் என்னை விட்டாள், பிசைந்ததைப் பார்த்து, "சிமெண்டுன்னு நெனச்சியா மனுஷா?" என்று பிடுங்கிக்கொண்டாள். சீரகமும் உப்பும் கலந்து ஒரு காகிதப் பொட்டலம். மகன் ரெத்வானின் கல்யாணத்துக்குத் தைத்த நீல ஜெல்லாபா அங்கியை எடுத்து மடித்து வைத்தாள். நான் போனில் ஆறு மணிக்கு அலாரம் வைத்தேன்.

விடியலில் பாங்கு சத்தம் கேட்டு விழித்தேன். அலாரம் இன்னும் அடிக்கவில்லை. போனைப் பார்த்தால் நேரம் நிறைய இருந்தது. முந்தின நாள் பாங்கு சொன்ன நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னால் காட்டியது.

மஹ்ஜூபா கண் திறந்தாள். "எந்திரிக்கணுமா?"

"இரு, நேரம் கிடக்கு. பாங்கு சொல்ற முஅத்தின் குழம்பிட்டார் போல. மணி மாறிடுச்சுன்னு நெனச்சு சீக்கிரமா சொல்லிட்டார்."

"பாவம், அவருக்கு யாரும் படிச்சுக் காட்டல" என்று சிரித்துக்கொண்டே திரும்பிப் படுத்தாள்.

இராத்திரி வலியில் அவள் சரியாகத் தூங்கவில்லை. இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று நான் தேநீர்கூடப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். அலாரம் அடித்ததும் எழுப்பினேன். முகம் கழுவிவிட்டேன். அவள் கண்ணுக்கு மை இட்டுக்கொண்டாள், கண்ணாடியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மஞ்சள் பாக்க அவ்வளவு தூரம் போகணுமா, இதைப் பாத்தாலே போதுமே" என்றாள். நோய் வந்ததிலிருந்து அவள் முகமும் கண்ணும் மஞ்சள் பூத்திருந்தன.

படி இறங்கும்போது தெருவில் நல்ல வெளிச்சம்.

"ஏய், வெயில் வந்துடுச்சே?"

"மழை இல்லாத நாள், வெளிச்சம் சீக்கிரம் வரும்" என்றேன். ஆயுசு முழுக்க விடியலில் வேலைக்குப் போன மனுஷன் நான். சூரியன் கண்ணெதிரே நிற்கிறது. நான் போனைப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன்.

பெட்ரோல் பங்க் பக்கம் பஸ் இல்லை. பெண்களும் இல்லை. சூரியகாந்தி விதைத் தோல்தான் தரையெல்லாம் கிடந்தது. எதிர் காபிக் கடைக்காரன் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இஃப்ரான் பஸ் இன்னும் வரலையா தம்பி?"

"வரலையாவா? அது போய் எவ்வளவோ நேரம் ஆச்சு, ஹாஜி."

"ஏழு மணி பஸ்ஸுப்பா. இன்னும் ஏழாகல. இதோ பாரு."

அவன் என் போனைப் பார்த்தான். சிரிக்க வாயெடுத்தவன், கூடையோடு நின்ற மஹ்ஜூபாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினான். எட்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

"காலைலேருந்து நீங்க நாலாவது ஆள். போனுங்க எல்லாம் ராத்திரி தானாவே மணிய மாத்திக்கிச்சு. மாத்தக் கூடாதுன்னு அதுங்களுக்கு யாரும் சொல்லல போல."

கெல்தூமைக் கூப்பிட்டேன். பஸ் இரைச்சலும் பாட்டும் கைதட்டலும் கேட்டன. "புஷைப், எங்கப்பா நீங்க? ரொம்ப நேரம் நின்னோம். டிரைவர் கத்துறான். அவளுக்கு ராத்திரி முடியலையோ என்னவோ, தூங்குறவள போன் அடிச்சு எழுப்ப வேண்டாம்னு நாங்கதான்..." பாட்டு நின்றுவிட்டது. "அவ சீட்டுல யாரையும் உக்காரவிடல. என் பக்கத்து சீட்டு. திரும்பி வரச் சொல்லவா?" பின்னால் டிரைவர் என்னவோ கத்தினான். அவர்கள் நெடுஞ்சாலை ஏறிவிட்டிருந்தார்கள்.

"வேணாம்னு சொல்லு" என்றாள் மஹ்ஜூபா.

வரிசையில் நின்ற டாக்ஸிக்காரனிடம் ஓடினேன். இஃப்ரான் என்றதும் அவன் பின்னால் நின்ற மஹ்ஜூபாவைப் பார்த்தான். "அவ்வளவு தூரம் இவங்க உக்காந்து வருவாங்களா, பாபா?" பஸ்ஸில் கெல்தூம் கடைசி சீட்டுகளில் மெத்தை விரித்து வைத்திருந்தாள். டாக்ஸியில் அதெல்லாம் எங்கே? அந்த இரண்டு தெரு நடந்து வந்ததற்கே அவளுக்கு உதடு வெளுத்திருந்தது.

"வீட்டுக்குப் போகலாமா?" என்றேன்.

"கட்டின சாப்பாட்ட வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறதா? கூடைய எடு."

பங்க் பக்கத்து ரவுண்டானாவில் கொஞ்சம் புல் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சனம் பாய் விரித்து உட்காருகிற இடம்தான். சுற்றிலும் வண்டிகள் போக, நடுவில் நாங்கள் விரித்தோம். பேரீச்ச மரம் நாலு நின்றது. ஒன்றிலும் உதிர இலை இல்லை.

அவளால் அரை முட்டைக்கு மேல் தின்ன முடியவில்லை. உரித்து உரித்து எனக்கே கொடுத்தாள். நான் போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு செய்தி வந்தது.

"என்னவாம்? படி."

"கைப்பேசிகள் தாமாகவே நேரத்தை மாற்றியுள்ளன. தானாக மாறும் வசதியை நிறுத்திவிட்டு, நேரத்தைக் கையால் சரிசெய்துகொள்ளவும்."

"இத நேத்து சொல்லக் கூடாதா கழுதைங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அழாத. ரோட்டுல போறவன்லாம் நான் உன்னை அடிச்சேன்னு நெனப்பான்" என்றாள்.

முட்டை ஓடெல்லாம் அவள் மடியில் சேர்ந்திருந்தது. திடீரென்று இரண்டு கையாலும் அதை அள்ளினாள். "படம் எடு, சீக்கிரம்!" என்று மேலே வீசினாள். ஓட்டுத் துண்டுகள் அவள் முக்காட்டிலும், காபிக் கடையில் வாங்கிய என் தேநீரிலும் விழுந்தன. வாய் கொள்ளாமல் சிரித்தாள். ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

அந்தப் படம் ஒன்றுதான் சரியாக விழுந்தது.

திங்கட்கிழமை போனோம். மருந்து ஏற்றினார்கள். அடுத்த வாரமே மலையில் மழை கொட்டி, இலையெல்லாம் உதிர்ந்துவிட்டதாகப் போனில் போட்டிருந்தார்கள். அவளுக்கு அதை நான் படித்துக் காட்டவில்லை. ரமலான் பிறை பார்க்க அவள் இல்லை.

நாற்பதாம் நாளுக்கு ரெத்வான் தாஞ்சியரிலிருந்து வந்தான். அங்கே கார் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. வரும்போதே காகிதம் சுற்றிய பெரிய படம் ஒன்றைக் கொண்டுவந்தான்.

"உங்களுக்காகப் பண்ணினேன்பா. போன் கடையில இப்ப எதை வேணும்னாலும் பண்ணிடுறாங்க."

பிரித்தேன். இஃப்ரான் மரங்கள். தரையெல்லாம் இலை. நடுவில் என் மஹ்ஜூபா, நீல ஜெல்லாபாவில், இரண்டு கையும் மேலே. முட்டை ஓடு ஒன்றுகூட இல்லை. அவளைச் சுற்றி மஞ்சள் இலைகள் மிதந்தன. முகம் மட்டும் கல்யாணப் பெண் மாதிரி சிவந்திருந்தது. கடைக்காரன் அவள் முகத்து மஞ்சளை எல்லாம் எடுத்து மரத்துக்குக் கொடுத்துவிட்டான்.

பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "நல்லா இருக்குப்பா?"

"நல்லா இருக்கு மகனே."

ஆணி அடித்து அவனே மாட்டினான். ஓதி முடித்து, சாப்பிட்டுக் கைகழுவிய பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஆலையிலிருந்து வந்த ஒருத்தி, புதிதாகச் சேர்ந்தவள், நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ், போறதுக்கு முன்னாடி பாத்துட்டாங்க! எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க பாருங்க. எப்ப போனீங்க, மாமா?"

ரெத்வான் தலை குனிந்துகொண்டான். தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த கெல்தூம் நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எங்க பஸ்ஸுலதான்" என்றாள். "என் பக்கத்து சீட்டு. வழியெல்லாம் பாடிக்கிட்டே வந்தா."

"இவருமா வந்தாரு?"

"இவரு இல்லாம அவ எங்க போவா?" என்ற கெல்தூம் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அங்கே குழாயைத் திறந்துவிட்ட சத்தம் நிற்கவே இல்லை. ஆலையில் புதிதாகச் சேர்ந்தவள் இன்னும் கேட்க வேண்டும் என்று என்னையே பார்த்தபடி இருந்தாள்.

"அங்க குளிரா இருந்துச்சா, மாமா?" என்றாள். "கொஞ்சம் குளிர்தான்" என்றேன். "ஆனா இலையெல்லாம் நெஜம். சாயம் இல்ல."