இளையவளின் சுருதி

பாட்டுக்காரி பாட்டை நிறுத்தாமலே திரும்பி அவனைப் பார்த்தாள். ஒரு கணம்தான்; உடனே மைக் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் பாதி ஆயுளை மேடையில் பாஸ் கிட்டார் வாசித்தே கழித்தவனுக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் தெரியாதா என்ன? சுருதி எங்கேயோ பிசகுகிறது, அது உன் பக்கமிருந்துதான் வருகிறது என்று அர்த்தம். அவனுக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கிட்டாரின் கழுத்தில் விரல் மேலே ஏற ஏற ஸ்வரம் புளித்துக்கொண்டே போனது. பாட்டு முடிந்ததும் கம்பிகளை ஒருமுறை காதாலேயே கூட்டிப் பார்த்தான். அடுத்த பாட்டிலும் அதே புளிப்பு.

கச்சேரி முடிந்ததும் கீபோர்டு மாஸ்டர் அவனைப் பார்க்காமலே, “ட்யூனர் வேணுமாப்பா? என்கிட்ட ஒண்ணு இருக்கு,” என்றார்.

இந்தக் குழுவில் அவனிடம் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. மற்றவர்கள் கருவி வைத்துச் சுருதி சேர்ப்பார்கள். அவனுக்குக் காதே கருவி. அது ஊரறிந்த பெருமை. டிரம்ஸ்காரன், “விடுங்க மாஸ்டர், புதுப் பொண்டாட்டி இன்னும் படியல,” என்று சிரித்தான். அவனும் சிரித்து வைத்தான். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, வயரைச் சுருட்டத் தொடங்கினான்.

புதுப் பொண்டாட்டி என்று டிரம்ஸ்காரன் சொன்னது அந்த வயலின் வடிவ பாஸைத்தான். வயலினை யாரோ ஊட்டி ஊட்டி வளர்த்துவிட்ட மாதிரி இருக்கும். உள்ளே வெறும் கூடு என்பதால் தோளில் மாட்டினால் மாட்டியதே தெரியாது. கழுத்தும் குட்டை; விரலை முறத்தைப் போல விரிக்க வேண்டியதில்லை. பழைய பாஸ் அம்மிக்கல் கனம். அதைச் சுமந்து சுமந்து இடது தோள் இறங்கிப்போய், சட்டை மாட்டவே மனைவியைக் கூப்பிடும் நிலை வந்த பிறகுதான் இதை வாங்கினான். மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். பழையதற்கு மூத்தவள், இதற்கு இளையவள் என்று பெயர் வைத்ததும் அவள்தான். “எனக்கு ரெண்டு சக்களத்தி. மூத்தவ தோளை ஒடிச்சா, இளையவ என்ன பண்ணக் காத்திருக்காளோ,” என்பாள்.

பஸ்ஸில் வரும்போது அவனுக்கு இளையவளைப் பற்றிய நினைப்பே இல்லை. அண்ணனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். அண்ணன் கீபோர்டு வாசித்தவன். ஒருநாள், ஒரே கட்டையை அழுத்தினால் இந்தக் காதில் ஒரு ஸ்வரமும் அந்தக் காதில் வேறு ஸ்வரமும் கேட்கிறது என்றான். எல்லோரும் கிண்டல் செய்தார்கள். அதிகம் கிண்டல் செய்தவன் இவன். பிறகு சுருதியே தவறாகக் கேட்கத் தொடங்கி, பிறகு கேட்பதே குறைந்து, இப்போது அண்ணன் டிவியைச் சத்தமில்லாமல் பார்க்கிறான். குடும்பத்தில் ஓடுகிற கோளாறு, தம்பியும் வந்து காட்டட்டும் என்று டாக்டர் அப்போதே சொன்னார். இவன் போகவில்லை. பயம்தான், வேறென்ன? இப்போதுகூட ஒரு ட்யூனரை வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இளையவளை மடியில் போட்டுக்கொண்டு, வாசிக்காமல் உட்கார்ந்திருந்தான். தையல் மெஷின் நின்றது.

“என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?”

“அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சு.” கம்பிகளைச் சுட்டிக் காட்டினான். “நான் கூட்டற சுருதி தப்பாயிருக்கு. எல்லாருக்கும் கேட்குது.”

அவள் முகம் வெளுத்தது. எழுந்து வந்து அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். “ஏங்க, திட்ட மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன். அன்னிக்கு உங்க இளையவளைத் துடைக்கலாம்னு கம்பியெல்லாம் தளர்த்தினேனா, இந்தக் கட்டை கையோட வந்துடுச்சு. உடைச்சுட்டேன்னு உசுரே போச்சு. குத்துமதிப்பா வெச்சு திரும்ப முறுக்கிட்டேன்.”

அவன் குனிந்து பார்த்தான். கம்பிகளைத் தாங்கும் அந்த மரப் பிரிட்ஜுக்கு இந்த வகை பாஸில் ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது. கம்பியின் இறுக்கத்தில் மட்டும் நிற்பது. அது முன்பு நின்ற தடம் வார்னிஷில் மங்கலாகத் தெரிந்தது. இப்போது அதிலிருந்து விரல் தடிமன் தள்ளிக் கோணலாக நின்றது. அது நகர்ந்தால் விரல் வைத்து வாசிக்கிற ஸ்வரமெல்லாம் பிசகும் என்பது பாஸ் பிடிக்கக் கற்றுக்கொள்கிறவனுக்கே தெரியும். பயம் முந்திக்கொண்டதில் அவன் அங்கே பார்க்கவே இல்லை. திட்டுவதா? அவளுக்குச் சிலையே வைக்கலாம் போலிருந்தது. “அடிப்பாவி, என்னைக் கொன்னுட்டியே,” என்று சிரித்தான். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

பிரிட்ஜைத் தடத்தில் சரியாக நிறுத்தி, கம்பிகளை ஒவ்வொன்றாகக் காதால் கூட்டினான். நாலும் இழைந்து நின்றன. அப்பாடா என்றிருந்தது. “எதுக்கும் போன்லயும் பாத்துடுங்களேன், நான் வெச்சது தப்புன்னு எனக்கும் தெரியணும்ல,” என்று அவள் தன் போனில் ட்யூனரைத் திறந்து அவன் முன் வைத்தாள். இப்போது பயமில்லாததால் அவனும் மறுக்கவில்லை. தடித்த கம்பிகளுக்கு முள் நடுவில் வந்து பச்சை காட்டியது. கடைசி மெல்லிய கம்பியை விரல் வைக்காமல் அப்படியே மீட்டினான். முள் இடது பக்கம் சாய்ந்து சிவப்பில் நின்றது. மறுபடி மீட்டினான். சிவப்பு.

விரல் வைக்காத கம்பிக்குப் பிரிட்ஜ் எங்கே நின்றால் என்ன? அதை இப்போதுதான், இந்தக் காதால்தான், கூட்டினான். முறுக்காணியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். முள் நடுவுக்கு வந்தது. அவன் காதில் அந்தக் கம்பி மற்ற மூன்றோடும் ஒட்டாமல் தனியாகப் புளித்தது.

“பச்சை வந்துடுச்சு!” என்றாள் அவள். “இப்போ சரியாயிடுச்சாங்க?”

“சரியாயிடுச்சு.”

“அப்போ ஏதாவது வாசிங்க. இத்தனை நாள் குத்தவுணர்ச்சியில நான் சரியாவே கேக்கல.”

அவன் வாசித்தான். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடி, கால் விரலால் தாளம் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் கண் இமைக்காமல் அந்த முள்ளையே பார்த்துப் பார்த்து வாசித்தான்.