கேள்விக்குறிக்கு இரண்டு விரல்

அண்ணி டைப் அடிக்கும் சத்தத்தை வைத்தே, எந்த விசை விழுகிறது என்று அடுப்படியிலிருந்து எனக்குத் தெரிந்துவிடும். ஸ்பேஸ் பார் கனத்த ஆள். எந்த இரண்டு வார்த்தைகள் ஒட்டி நின்றாலும் நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். என்டர், கோபித்துக்கொண்டு கதவைச் சாத்துவது. கேப்ஸ் லாக் எங்கள் அண்ணன் மாதிரி. ஓரமாகச் சும்மா இருக்கும், தெரியாமல் கை பட்டால் எல்லாவற்றையும் குழப்பிவிடும். முற்றுப்புள்ளி இருப்பதே தெரியாது, என்னைப் போல. கேள்விக்குறிக்கு மட்டும் ஷிஃப்டையும் சேர்த்து அமுக்க இரண்டு விரல் வேண்டும். அதனால்தானோ என்னவோ, எங்கள் வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் ரகசியமாகக் கதை எழுதுகிறேன். ஒரு பத்திரிகைப் போட்டிக்கு டைப் அடித்த கதைதான் வேண்டுமாம். அண்ணியோ ஜெராக்ஸ் கடைகளுக்கு வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுப்பவர். "என்ன அடிச்சேன்னு கேட்டா எனக்கே தெரியாது. கண்ணு பார்க்கும், விரல் அடிக்கும், மூளை தூங்கப் போயிடும்" என்பார். அந்தத் தைரியத்தில், என் கையெழுத்து என்று தெரியாதபடி சாய்த்து எழுதி, பெயர் போடாமல், என் கதையை அவர் அடிக்க வேண்டிய தாள் கட்டுக்கு நடுவில் செருகிவிட்டேன்.

கதையில் ஒரு புது மருமகள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். வீட்டில் ஒரு பெண்ணுக்கு மட்டும் அது கேட்கிறது. அது தன் கதைதான் என்று அண்ணிக்குத் தெரிந்தால் நான் தொலைந்தேன்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டே காதைத் தீட்டினேன். தடதடவென்று போன சத்தம் நின்றது. பிறகு பேக்ஸ்பேஸ், விடாமல். கதை போச்சு.

"இங்க வா."

போய் நின்றேன்.

"கத்திய கீழ வைம்மா, பயமா இருக்கு."

"அழிச்சிட்டீங்களா அண்ணி?"

"ரெண்டு வரி தப்பா விழுந்துச்சு. கண்ணு மறைச்சிடுச்சு. திரும்ப அடிச்சிட்டேன்."

"மூளை தூங்கலையா?"

"நீ எங்க தூங்க விட்ட?"

திரையில் கதைக்குக் கீழே என் பெயர் இருந்தது.

"சாய்ச்சு எழுதினா கண்டுபிடிக்க மாட்டாங்களாக்கும்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "குழாய்ச் சத்தத்தையும் மீறிக் கேக்குதா?"

"எனக்கு மட்டும்தான் அண்ணி."

"இந்தப் பொண்ணு இத்தனை நாளா கேட்டுக்கிட்டே இருக்கா. ஏன் அழுறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"அவளுக்குக் கூச்சம்."

அண்ணி ஷிஃப்டின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, பக்கத்து விசையைக் கண்ணால் காட்டினார். அமுக்கினேன். என் பெயருக்குக் கீழே ஒரு கேள்விக்குறி தனியாக வந்து நின்றது.

"ஏன் அண்ணி அழுறீங்க?"

"சாப்பிடும்போது நீங்க எல்லாரும் டிவியைப் பார்க்கிறீங்க. எங்க வீட்ல பேசிக்கிட்டே சாப்பிடுவோம். அவ்வளவுதான். சிரிக்காத."

நான் எங்கே சிரித்தேன்? வெங்காயக் கையால் கண்ணைத் துடைத்துத் தொலைத்திருந்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் ரிமோட்டை அழுக்குத்துணிக் கூடையில் புதைத்தேன்.

"ரிமோட் எங்க? யார் எடுத்தது?" என்றான் அண்ணன்.

"கடைசியா நீதானேடா வெச்சிருந்த?" என்றார் அப்பா.

அண்ணி தட்டிலேயே கண்ணாக இருந்தார். பார்க்க வேறு எதுவும் இல்லாததால் அம்மாவும் அந்தத் தட்டைப் பார்த்தார்.

"ஏம்மா, கொறிச்சிட்டே இருக்க. உனக்கு இது பிடிக்காதா?"

"பிடிக்கும் அத்தை" என்றார் அண்ணி. "ஆனா எங்க வீட்ல வேற மாதிரி செய்வாங்க."

"எப்படி?" என்றான் அண்ணன்.