நாலாவது துளை

அம்சவேணி தன் புருஷனை முதுகில் சுமந்துகொண்டு சைக்கிள் கடை வாசலில் வந்து நின்றபோது, கடைக்காரர் கண்ணாயிரத்தின் கண்ணில் முதலில் பட்டது அவளுடைய வயிறுதான். ஆறு மாசம் இருக்கும்.

அவள் புருஷன் ராமலிங்கத்தை அவருக்குத் தெரியும். பிள்ளையார்பாளையத்தில் பாவு பிணைக்கிறவன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு ஒன்று முடிந்து அடுத்தது ஏறும்போது, பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கி இணைக்கிற வேலை. நாலாயிரம் இழை என்றாலும் ஒன்று தப்பாது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் கால் இரண்டும் சூம்பிவிட்டதால் அவனால் தறிக்குழியில் இறங்கி மிதிக்க முடியாது. விரல்களை வைத்துத்தான் பிழைப்பு. அதற்கு வீடு வீடாகப் போக வேண்டும். அம்சவேணிதான் தூக்கிக்கொண்டு போவாள்.

"அண்ணா, மதராஸ்ல கையால சுத்திக்கினு போற வண்டி இருக்குதாமே?" என்றாள் அவள், அவனைப் பெஞ்சில் இறக்கி வைத்து மூச்சு வாங்கியபடி. "நீ செய்வியாண்ணா? இன்னும் ரெண்டு மாசம் போனா என்னால தூக்க முடியாது."

ராமலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்படி ஒரு வண்டியைக் கண்ணாயிரம் மதராசில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் பார்த்திருந்தார். செய்துவிடலாம் என்றுதான் தோன்றியது. முன்னால் சின்னச் சக்கரம் ஒன்று, பின்னால் சைக்கிள் சக்கரம் இரண்டு. இருக்கைக்குத் தச்சர், சட்டத்துக்குக் கொல்லர். சிக்கல் பின் சக்கரத்தில்தான் இருந்தது. சைக்கிள் சக்கரத்தை இரண்டு பக்கமும் சட்டம் தாங்கும். இதில் ஒரு பக்கம் மட்டுமே தாங்கல். சாதாரண அச்சு வளைந்துவிடும். ஆகவே தடித்த அச்சும், அதைச் சுற்றி நிற்கும் நடுக்குடமான ஹப்பைப் பெரிதாகவும் லேத் பட்டறையில் கடைந்து வாங்கினார். ஹப் மாறினால் அதிலிருந்து ரிம்முக்குப் போகும் கம்பியின் நீளமும் மாறும். எவ்வளவு மாறும் என்று அவருக்குத் தெரியாது.

மாகறல் கிராமத்தை விட்டு வந்து கடை போட்டு ஒன்பது வருஷமாகியும், அவர் ஒரு கம்பியை அளந்ததில்லை. ஒடிந்த கம்பி கையில் இருந்தால் அதைப் போலவே இன்னொன்று போட்டுவிடலாம். வெறும் ரிம்மையும் வெறும் ஹப்பையும் வைத்துக்கொண்டு முழுச் சக்கரம் கட்டுவது இதுதான் முதல் தடவை.

ரிம்மைத் தரையில் படுக்கப் போட்டு, நடுவில் ஹப்பை நிறுத்தி, மெழுகு தடவிய நூலால் அளந்தார். கம்பி ஹப்பிலிருந்து ரிம்முக்கு நேராகப் போகாது, சாய்ந்து போகும். போகிற வழியில் மூன்று கம்பிகளைக் கடக்கும். அதனால் ஹப்பின் துளைக்கு நேரே இருக்கும் ரிம் துளையை விட்டு, ஒன்று விட்டு ஒன்றாக மூன்று துளை தள்ளி நூலைப் பிடிக்க வேண்டும். எண்ணிக்கொண்டிருக்கும்போது யாரோ வந்து காற்றடிக்கப் பம்பு கேட்டார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி எண்ணினார். நூல் பன்னிரண்டு அங்குலம் காட்டியது. எழுபத்திரண்டு கம்பி வேண்டுமென்று மதராசுக்கு எழுதிப் போட்டார். சொன்ன அளவுக்கு வெட்டி, முனையில் திருகு மரை போட்டு அனுப்புகிற சரக்கு. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பார்சல் வர ஐந்து வாரம் ஆயிற்று. வந்த அன்று கண்ணாயிரம் வேறு வேலை எதையும் தொடவில்லை. முதல் சக்கரத்துக்கு முப்பத்தாறு கம்பிகளையும் கோத்து, கம்பி முனையில் ஏறுகிற நிப்பிள்களை முறுக்க ஆரம்பித்தார்.  மரை தீரும் வரை முறுக்கியும் கம்பிகள் தொளதொளவென்று ஆடின. சுண்டினால் ணங்கென்று பேச வேண்டிய கம்பி வாயே திறக்கவில்லை. ரிம்மின் உட்புறம் முனைகள் ஒரு நெல்மணி நீளத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றன.

முனையை அரத்தால் தேய்த்துவிடலாம்தான். ஆனால் மரை தீர்ந்த இடத்துக்கு மேல் நிப்பிள் ஏறாதே! கம்பி இறுகாத சக்கரம் இரண்டு தெரு தாண்டாது. புதுக்கம்பிக்கு எழுதினால் இன்னும் ஐந்து வாரம். அதற்குள் அந்தப் பெண்ணுக்குப் பிரசவமே நெருங்கிவிடும். எல்லாவற்றையும் கழற்றிக் கட்டி வைத்தார். இரண்டு நாள் பிள்ளையார்பாளையம் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர்களே வந்தார்கள். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்ததாக அம்சவேணி சொன்னாள். அவள் முகம் வெளுத்திருந்தது. கண்ணாயிரம் தண்ணீர் கொடுத்தார். கம்பிகள் எதிரிலேயே கிடந்தன. பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் வந்த நினைப்பு, அவள் சொம்பைத் திருப்பிக் கொடுத்தபோது போய்விட்டது.

"அளவு தப்பாயிடுச்சிம்மா. கம்பி அத்தனையும் நீளம். என் தப்புதான்."

அம்சவேணி சுவரில் சாய்ந்துகொண்டாள். ராமலிங்கம்தான் கேட்டான்.

"நூலாலதான அளந்தே?"

"ஆமாப்பா."

"நூல் எங்கியோ ஒரு எடத்துல போயி நின்னுருக்குமே? எங்க நின்னுதுன்னு பாத்தியா?"

"தப்பான எடத்துல நின்னுது. அதைப் பாத்து இன்னா ஆவப் போவுது?"

"எனக்குக் கடைசில ஒரு இழை மிஞ்சிப்போச்சின்னா, எல்லாத்தையும் அறுத்துப் போட மாட்டேண்ணா. எங்க தாண்டிச்சோ அங்க போயிப் பாப்பேன். அது தெரியாம கைய வெக்க மாட்டேன்."

அவன் குரலில் ஆறுதல் சொல்கிற பாவனை இல்லை. வேலைக்காரன் வேலைக்காரனிடம் பேசுகிற குரல். பெஞ்சிலிருந்து கைகளை ஊன்றி இறங்கி, தரையில் கிடந்த ரிம்முக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். வேண்டா வெறுப்பாகக் கண்ணாயிரமும் எதிரில் உட்கார்ந்தார். ஹப்பின் துளையில் ஒரு கம்பியைக் கொக்கியிட்டு, மறுமுனையை ஒவ்வொரு துளையாகத் தள்ளிக்கொண்டே போனார். ஒன்றில் மிக நீளம். இரண்டிலும் நீளம். மூன்றாவதில் அதே நெல்மணி நீளம் மிச்சம். நாலாவது துளைக்கு வந்ததும் முனை கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

பம்பு கேட்டு வந்த ஆள் அப்போதுதான் அவர் ஞாபகத்துக்கு வந்தான். திரும்பி வந்து எண்ணியபோது ஒரு துளை கூடிவிட்டிருக்கிறது.

"நாலு," என்றார்.

"அப்ப நாலு கம்பியத் தாண்டியே போவட்டுமே. மூணுதான்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

 யாரும் சொன்னதில்லை. அவர் கையால் தொட்ட சக்கரமெல்லாம் மூன்று கடந்தவை, அவ்வளவுதான். கம்பியை நாலாவது துளையில் பிடித்தபடியே யோசித்தார். இன்னும் கொஞ்சம் சாய்ந்து, ஹப்பை உரசினாற்போலப் போகிறது. அதனால் கெடுதல் ஒன்றும் தெரியவில்லை. கையால் சுற்றி உந்துகிற சக்கரத்துக்கு அந்தச் சாய்வு நல்லதாகக்கூட இருக்கலாம். இத்தனை நாளும் கம்பிகளைத் தப்பு என்று திட்டிக்கொண்டிருந்தார். கம்பிகள் அளந்தபடிதான் வந்திருக்கின்றன. தான் அளந்தது இன்னது என்று தெரியாமல் இருந்தவர் அவர்தான்.

விளக்கு வைப்பதற்குள் ஒரு சக்கரத்தைக் கோத்துவிட்டார்கள். கம்பிகளை மேலும் கீழுமாகப் பின்னுவதில் ராமலிங்கத்தின் விரல்கள் அவருடையதைவிட வேகமாக ஓடின. அம்சவேணி சுவரோரமே தூங்கிப்போயிருந்தாள். கண்ணாயிரம் நிப்பிள்களை முறுக்கினார். மரையில் பாதி மீதியிருக்கும்போதே கம்பிகள் இறுகின. ஒன்றைச் சுண்டினார். அந்தச் சத்தத்தில் அவள் கண் விழித்துப் பார்த்தாள்.

பத்து நாளில் வண்டி தெருவுக்கு வந்தது. முதல் நாள் ராமலிங்கம் வளைவில் திரும்பத் தெரியாமல் ஒரு சாயப்பட்டறை வாசலில் மோதினான். ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது.

அதற்கும் சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் அம்சவேணி தனியாக வந்தாள். மத்தியானமே வேலை முடிந்து கிளம்பினவன் வீட்டுக்கு வரவில்லையாம். புருஷனைத் தேடி அலைந்து பழக்கமில்லாதவள். அழுகையும் கோபமுமாக நின்றாள். கண்ணாயிரத்துக்குக் கம்பிகள்தான் நினைவுக்கு வந்தன. எங்கே சக்கரம் ஒடிந்து விழுந்து கிடக்கிறானோ! சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினார். கடைசியில் சர்வதீர்த்தக் குளக்கரையில் வண்டி தெரிந்தது. ராமலிங்கம் அதில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சக்கரத்துக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆவலண்ணா."

"பின்ன இங்க இன்னாப்பா வேலை?"

"வேலையே கிடையாது. வேலை இல்லாத எடத்துக்கு யாரு என்னைத் தூக்கிக்கினு போவாங்க, சொல்லு?" என்று சிரித்தான். "அம்சா திட்டுறாளா?"

"அழுவுறாப்பா."

அவன் முகம் மாறியது. உடனே வண்டியைத் திருப்பினான். கண்ணாயிரம் சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவருக்கு நடை போதவில்லை. ஏறி மிதிக்க வேண்டியதாயிற்று.