ஏழாவது தகடு

1

எங்கள் ரேசர் கம்பெனியின் சோதனை அறையில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பெரிய கண்ணாடிக்கு எதிரே மேலாளர். அவருக்கு இடப்பக்கம் விற்பனைக்காரர். குழாயடி ஓரம் ரேசர் வடிவமைக்கும் மாப்பிள்ளை, அதாவது என் தங்கை வீட்டுக்காரர். கதவோர முக்காலியில் நான். கம்பெனிக்கு வரும் புகார்களுக்குப் பதில் எழுதுகிறவன்.

முதலாளிக்குச் சோதனை அறிக்கை எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் வரியிலேயே கதைக்குள் வழுக்கி விழுந்துவிட்டேன்.

2

தொடக்கம் இப்படி இருந்தது: 'மனிதன் சவரத்தை ஒற்றைத் தகட்டில் ஆரம்பித்து, இரண்டு, மூன்று என ஏறி, பிறகு விளக்கும் அதிர்வும் சேர்த்து...' வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரை வாடை.

நடந்ததைச் சொல்கிறேன். சோதனை நாளில் எல்லோரும் தாடியோடு வருவது எங்கள் வழக்கம். வலக் கன்னத்துக்குப் பழைய ஆறு தகட்டு ரேசர், இடக் கன்னத்துக்குப் புதிய ஏழு. ஏழு எடுபடாவிட்டால் வடிவமைப்புப் பிரிவையே மூடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். மாப்பிள்ளையின் வேலை அந்தரத்தில்.

"இடது பக்கம் வெண்ணெய் மாதிரி இருக்குய்யா!" என்றார் மேலாளர்.

"எட்டு போட்டுடலாம் சார். தாடி பயந்து தானா உதிர்ந்துடும்" என்றார் விற்பனைக்காரர்.

மாப்பிள்ளை வெளுத்துப்போய் என் காதருகே வந்தார். "மச்சான், ரேசர் தலை மாறிப்போச்சு. இது விளம்பரப் படத்துக்குச் செஞ்சது. நடிகர் முகம் கிழியக் கூடாதுன்னு ஆறு தகடு மொண்ணை. ஒண்ணுதான் கூர்."

"வாயைத் திறக்காதீங்க. தங்கச்சியை நினைச்சுப் பாருங்க."

"அசல் ஏழு தோலை உரிக்குது மச்சான்." காலரை இறக்கிக் காட்டினார். கழுத்தெல்லாம் கீறல்.

3

(இவ்வளவு நல்லவரை வாசகர் நம்புவாரா? அவர் வாயை மூடிக்கொள்வதாகவும் ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். ஏழு விற்கிறது, ஊரெல்லாம் கன்னத்தில் பஞ்சு, புகார் மேல் புகார்... பதில் எழுத வேண்டியவன் யார்? நான்தானே! கிழித்துப் போட்டேன்.)

மாப்பிள்ளை எழுந்து சொல்லியேவிட்டார். மேலாளர் இடக் கன்னத்தைத் தடவினார். மறுபடியும் தடவினார்.

"அப்பாடா!" என்றார். "நான் வீட்ல ஒத்தை பிளேடுதான்யா. வெளிய சொல்ல முடியாம இத்தனை வருஷம் தவிச்சேன்."

விற்பனைக்காரர் குனிந்தபடி, "நானும்தான் சார்."

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

4

மேலாளர் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'ஒரே தகடு, சரியான சாய்வு. எங்கள் நால்வர் கன்னமும் சாட்சி. இதைச் செய்தவரும் அவர் பிரிவும் நமக்கு வேண்டும்.'

முதலாளி ஒப்புவாரா? ஒப்புவதாக ஒரு முடிவு வைத்திருந்தேன், எட்டு கேட்டுத் திருப்பி அனுப்புவதாக இன்னொன்று. இரண்டையும் எழுதப்போவதில்லை. அவர் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். உங்கள் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

நால்வரும் கையெழுத்திட்டோம். உறையின் வாயை மாப்பிள்ளையே ஒட்டினார். தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன்.