பெட்டிமேல் போடாத கொடி

வலது காலுக்குக் காலுறை ஏற மறுத்தது. ரூபி தன் கணவரின் குதிகாலை மடியில் வைத்துக்கொண்டு, துணியைச் சுருட்டிச் சுருட்டி ஏற்றினாள். பட்டாளத்து பூட்ஸுக்குள் பாதி ஆயுசைக் கழித்த கால். உயிரோடு இருந்தபோது ஒருநாளாவது இப்படிப் பிடிக்க விட்டிருப்பாரா மனுஷன்? இரவு சாப்பிட்டுவிட்டுப் படுத்த ஜெபஸ்டின் விடியற்காலம் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்விட்டார் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். ரூபிக்கு அதுதான் ஆத்திரமாக இருந்தது. கொஞ்சம் தொந்தரவு கொடுத்திருக்கலாம்.

கால்மாட்டில் பண்பொழி ஆவுடையம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் சுடலைமாடனும் ஜெபஸ்டினும் ஒரே படைப்பிரிவு. பனிமலையில் குண்டடிபட்டுச் செத்த சுடலைமாடனைக் கொடி போர்த்திய பெட்டியில் ஊர்வரை கொண்டுவந்து சேர்த்தவர் ஜெபஸ்டின்தான். அன்றிலிருந்து அவள் இந்த வீட்டுக்கு மதினி.

வாசலில் கார் வந்து நின்றது. சண்முகநாதன் இறங்கினார். தென்காசியில் கட்சிப் பொறுப்பில் இருப்பவர், அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறவர். கூட வந்த இருவரில் ஒருவன் கையில் கடை உறைகூடப் பிரிக்காத தேசியக்கொடி. இன்னொருவன் வாசலிலிருந்தே போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தான். மதிலோரம் சாய்த்து வைத்திருந்த கொடிக்கம்பத்தில் இடித்துக்கொண்டு, அதை ஒரு முறை முறைத்தான்.

திருச்சபைச் செயலாளர் நல்லதம்பி ஓடிப்போய் வரவேற்ற வேகத்திலேயே இது யார் ஏற்பாடு என்று தெரிந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்துக்கு மதில் கட்ட அனுமதி கேட்ட மனு தாலுகா ஆபீஸில் தூங்குகிறது. அதை எழுப்பிவிட ஆள் வேண்டாமா?

"அக்கா, அண்ணாச்சியே நேர்ல வந்திருக்காவ. அண்ணனுக்குக் கொடி போத்தி மரியாத செய்யணும்னு சொல்லுதாவ."

ரூபி நிமிர்ந்து சண்முகநாதனைப் பார்த்தாள். இந்த முகத்தை அவளால் மறக்க முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன் குருத்தோலைப் பவனி முடிந்து திரும்பும்போது, பஜார் முக்கில் பத்துப் பேரோடு ஜெபஸ்டினை மறித்து, தேசபக்தி இருந்தால் கோஷம் போட்டுவிட்டுப் போ என்று சொன்ன முகம். ஜெபஸ்டின் கையிலிருந்த ஓலையைக்கூட இறக்கவில்லை. "நான் அதச் சொன்ன எடம் வேற தம்பி. ஐஸ் மல. அங்க வந்து கேளு, சொல்லுதேன்" என்றுவிட்டு நடந்தார்.

அந்த மனிதரை இப்போது போர்த்தப் பார்க்கிறார்கள். பேச மாட்டார் என்கிற தைரியம்.

"கொடி வேண்டாம் தம்பி" என்றாள் ரூபி.

போன் அவள் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது.

சண்முகநாதன் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். "தேசியக்கொடிய வேண்டாம்னு சொல்லுதீங்களாக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்கு ஆகஸ்ட் பதினஞ்சு."

நல்லதம்பி அவள் காதருகே குனிந்தார். "வீடியோ எடுக்கான்க்கா. சும்மா போட்டுட்டு எடுத்திருவோம். சபைக்கு வம்பு வந்துரும்."

ரூபிக்குப் பயமில்லாமல் இல்லை. இதை வெட்டி ஒட்டி ஊரெல்லாம் அனுப்பிவிடுவார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள். வழியிலேயே அவள் போனுக்கும் வரும். இந்த வீட்டில்தான் ரூபி இனி ஒற்றையாக இருந்தாக வேண்டும். ஆனால் இங்கே தலையாட்டினால், பஜார் முக்கில் ஜெபஸ்டின் குனியாத தலையை அவளே பிடித்துக் குனியவைத்தது போலாகும்.

அவள் காலுறையை இழுத்துச் சரிசெய்துவிட்டு எழுந்து நின்றாள். சண்முகநாதனிடமில்லை, போனைப் பார்த்தே பேசினாள்.

"நல்லா எடுத்துக்க. அந்தக் கொடி சண்டையில செத்தவங்களுக்கு உள்ளது. இந்தா இருக்காவ பாரு ஆவுடையம்மா மதினி, இவுக வீட்டுக்காரரு மேல போத்துனாங்க. அந்தப் பெட்டியத் தோள்ல தூக்குனவரு இவரு. 'நான் கட்டில்ல சாவேன், எனக்கு அதுல பங்கு கெடையாது, போட்டா சுடலைமாடனுக்குத் துரோகம்'னு சொல்லிட்டுத்தான் இருந்தாரு. இவருக்குச் சிலுவை போட்ட துணி போதும்."

ஆவுடையம்மாள் எழுந்து ரூபியின் பக்கத்தில் வந்து நின்றாள். "அவ சொல்லுதது சரிதான். அந்தக் கொடி எங்க வீட்டுப் பீரோவுல இருக்கு. வேணும்னா வந்து அதப் படம் பிடி."

போன் மெல்லத் தாழ்ந்தது. சண்முகநாதன் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "நல்லதுக்கு வந்தேன். இதுக்கு மேல உங்க இஷ்டம்."

"தம்பி, ஒரு நிமிஷம். ஞாயித்துக்கெழம தோறும் ஆளுகிறவங்களுக்காகக் கோயில்ல ஜெபம் சொல்லுதது இவருதான். தங்களுக்கு ஓட்டுப் போடாதவங்களுக்கும் சேத்து நீதியா நடக்க புத்தி குடும்னு கேப்பாரு. ஜெயிச்சு வாங்க. இனிமே உங்களுக்கு நான் கேக்கேன்."

சண்முகநாதன் காரைப் பார்த்து நடந்தார். நல்லதம்பி மட்டும் காரடிவரை கூடவே போனார். மதில் மனு இனி எழுந்திருக்காது என்று அவர் நடையிலேயே தெரிந்தது.

மகள் வந்து அழுது முடித்தபின், மூன்று மணிக்கு வேதக்கோயில் மணி அடித்தது. வெள்ளைத் துணி போர்த்திய பெட்டியைச் சாரலில் நனைந்துகொண்டே தூக்கிப் போனார்கள். மதிலில்லாத கல்லறைத் தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளை நல்லதம்பிதான் விரட்டினார். பிடிமண் போடும்போது ரூபி அழுதாள், நன்றாகச் சத்தம் போட்டே அழுதாள்.

சாயங்காலம் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். மகள் அழுத களைப்பில் பாயிலேயே தூங்கிவிட்டாள். அவள் போன் தலைமாட்டில் விட்டு விட்டு வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது. ரூபி அதைக் குப்புறத் திருப்பி வைத்தாள்.

முற்றத்துக்கு வந்து கொடிக்கம்பத்தைப் பார்த்தாள். வருஷா வருஷம் மறுநாள் கொடியேற்ற இந்தச் சாயங்காலம் ஜெபஸ்டின் அதன் நுனிக் கப்பிக்கு எண்ணெய் போடுவார். போடாவிட்டால் கொடி பாதியில் நின்று மானத்தை வாங்கிவிடும் என்பார்.

"மதினி, அடுப்படியில தேங்கெண்ண இருக்கு. எடுத்துட்டு வாங்க."

"ஏட்டி, துக்க வீட்டுலயா?" என்று கேட்டபடியே ஆவுடையம்மாள் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு அவளே கம்பத்தின் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ரூபி இரண்டு சொட்டு விட்டு, கயிற்றை இழுத்துப் பார்த்தாள். கீச்சென்றது. சேலைத் தலைப்பால் துருவைத் துடைத்துவிட்டு, இன்னும் இரண்டு சொட்டு விட்டாள்.